எதைக் காட்டினாலும் பச்சை!

உங்கள் வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறதா? இருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒரு மாமா விருந்துக்கு வருவார். காப்பியைக் குடித்து முடிப்பார். குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். தம் சட்டைப் பொத்தானைத் தொட்டு, "இது என்ன கலர்? சொல்லு பார்க்கலாம்!" என்பார். பொத்தான் வெள்ளை. குழந்தை சற்றும் தயங்காமல், "மஞ்சள்!" என்று சொல்லும். மாமா சிரிப்பார். உங்களுக்குத்தான் முகம் சுண்டிப் போகும். "நேற்றுக்கூடச் சரியாகச் சொன்னானே, அண்ணா!" என்று சமாளிப்பீர்கள். நேற்றும் அவன் சொல்லவில்லை என்பது உங்களுக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும்.

இந்தச் சங்கடம் உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல என்று நாலு வார்த்தை ஆறுதல் சொல்லத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். ஆனால் கோட்டைப்பட்டினத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் நான் கண்டது என்னை வேறு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதையே சொல்லிவிடுகிறேன்.

கோட்டைப்பட்டினம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரை ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் ராவுத்தர் அப்பா தர்காவைக் கேட்டு இறங்குகிறவர்கள் பாதிப் பேர், மீன் வாங்க இறங்குகிறவர்கள் பாதிப் பேர். நான் போனது மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம். மனிதர்களுக்குத் தீபாவளி மாதிரி, படகுகளுக்கு அப்போதுதான் எண்ணெய்க் குளியலும் புத்தாடையும். கரையில் ஏற்றி வைத்துச் சுரண்டி, பலகை மாற்றி, வர்ணம் பூசுகிறார்கள். தெருவெல்லாம் பெயிண்டு வாடை. வாசலுக்கு வாசல் வலை பின்னல். குழந்தைகள் கையெல்லாம் நீலம், காலெல்லாம் பச்சை.

நான் தங்கிய வீட்டுக்காரருக்கு ஒரு விசைப்படகு. அவருடைய மனைவி எனக்குத் தங்கை மாதிரி, பழைய பழக்கம். அவளுக்கு மூன்றரை வயதில் ஒரு பையன். சின்னவன் என்றே வைத்துக்கொள்வோம். நான் பெட்டியை இறக்கி வைப்பதற்குள், அவள் ஓர் அட்டைப் புத்தகத்தை எடுத்து வந்துவிட்டாள். முனை மழுங்கிய, கெட்டி அட்டைப் புத்தகம். பக்கத்துக்கு ஒரு நிறம்.

"நீங்களே கேளுங்க அக்கா. எதைக் காட்டுனாலும் பச்சைங்கிறான். ஆறு மாசமா ராத்திரி ராத்திரி சொல்லிக் குடுக்கறேன். அத்தை வேற, கண்ணுல கோளாறா இருக்கும்னு பயமுறுத்துறாங்க."

கேட்டேன். ஆப்பிள்? "பச்சை." தீயணைப்பு வண்டி? "பச்சை." எலுமிச்சம்பழம்? கொஞ்சம் யோசித்து, "பச்சை." கரடி? இதற்குள் அவனுக்கு அலுத்துவிட்டது. புத்தகத்தை மூடி அதன் மேல் உட்கார்ந்துகொண்டான்.

உள்ளேயிருந்து பாட்டியின் குரல் வந்தது. "டேய், நாட்டுப் படகு கரைக்கு வந்திருச்சாம். பச்சை மீனாப் பாத்து வாங்கிட்டு வரச் சொல்லு உங்கப்பனை! ஐஸ் மீன் வேணாம்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தடைக்காலத்தில் விசைப்படகு மீன் கிடையாது. நாட்டுப் படகுக்காரர்கள் கொண்டுவரும் கொஞ்ச மீனுக்குத்தான் அத்தனை போட்டி. அதனால் அந்த வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பச்சை மீன் பேச்சு. சின்னவன் பார்க்கும் பச்சை மீன் எப்படி இருக்கும்? காரல் வெள்ளி மாதிரி மின்னும். சங்கரா சிவந்து கிடக்கும். வவ்வாலில் கறுப்பும் உண்டு, வெள்ளையும் உண்டு. எல்லாம் பச்சை மீன்! அவன் பங்குக்கு ஆப்பிளையும் பச்சை என்றால் அது அவ்வளவு பெரிய குற்றமா?

பெற்றவர்களின் இந்தப் பயத்துக்கு வயது நூறுக்கு மேல். சார்லஸ் டார்வின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உயிர்கள் எப்படி வளர்ந்து மாறின என்று உலகத்துக்கே எடுத்துச் சொன்னவர். அவரும் பிள்ளை குட்டிக்காரர்தான். தம் குழந்தைகள் வளர்ந்ததைப் பற்றி 1877-ல் ஒரு ஜெர்மன் பத்திரிகையில் எழுதினார். சாமான்களின் பெயர்களெல்லாம் தெரிந்த பிறகும், வர்ணப் படம் ஒன்றைக் காட்டி நிறத்தைக் கேட்டால் அவருடைய இரண்டு மூன்று குழந்தைகளுக்குச் சொல்லத் தெரியவில்லையாம். திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தும் பயனில்லை. நிறம் பார்க்கும் சக்தியே இவர்களுக்கு இல்லை என்று டார்வின் முடிவு கட்டிவிட்டார். பிற்பாடு குழந்தைகள் தாமாகச் சரியாகிவிட, தம் பயம் வீண் என்று அவரே ஒப்புக்கொண்டார். அவ்வளவு கூர்ந்து பார்த்த மனிதரே ஏமாந்திருக்கிறார். கோட்டைப்பட்டினத்து மாமியார் பயந்தால் குறை சொல்ல முடியுமா?

குழந்தையின் கண்ணுக்கு நிறம் தெரியாமல் இல்லை. நாலைந்து மாதக் குழந்தையே சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்திப் பார்க்கிறது என்று ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். கண் தயார், பெயர்தான் தாமதம். பந்து என்று காட்டினால் கையில் எடுக்கலாம். நாய் என்றால் அது குரைக்கும். சிவப்பு எங்கே இருக்கிறது? பந்தின் மேல் இருக்கிறது, பாட்டியின் வெற்றிலை வாயில் இருக்கிறது, அப்பாவின் பனியன் மேல் இருக்கிறது. எதிலும் தனியாக இல்லை. பந்தைக் காட்டி "சிவப்பு" என்றால், உருண்டையாக இருப்பதைத்தான் சிவப்பு என்கிறார்கள் என்று குழந்தை நினைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

போதாக்குறைக்கு, நம் பேச்சு இருக்கிறதே! பச்சைத் தண்ணீர் பச்சையாக இல்லை. பச்சைப் பிள்ளையும் பச்சையாக இல்லை. மஞ்சள் என்றால் நிறமா, அம்மா அரைக்கும் கிழங்கா? இன்னொன்று எனக்கு எப்போதும் உறுத்துகிற சமாசாரம். "பொண்ணு நல்ல சிவப்பு" என்கிறோம். எந்தப் பெண் தக்காளி மாதிரி இருக்கிறாள்? அதே வாயால் பக்கத்துக் குழந்தையைக் "கறுப்பி" என்று கூப்பிடுகிறோம். நிறத்தின் பெயரைக் கற்றுக்கொள்கிறபோதே, எந்த நிறம் உசத்தி என்பதையும் குழந்தை சேர்த்துக் கற்றுக்கொள்கிறது. அந்த அட்டைப் புத்தகத்தில் இருந்த குழந்தைகள் எல்லோரும் ரோஜா நிறம். கோட்டைப்பட்டினத்துத் தெருவில் அந்த நிறத்தில் ஒரு குழந்தையையும் நான் பார்க்கவில்லை. கலர் பெட்டியில் ஒரு குச்சிக்குத் 'தோல் நிறம்' என்று பெயர் சொல்கிறார்களே, யாருடைய தோல் என்று நீங்களே ஒரு நாள் குழந்தையின் கையருகே வைத்துப் பாருங்கள்.

புத்தகத்துக்கு வருகிறேன். வர்ணப் புத்தகம் வாங்குவது நல்ல காரியம்தான். குழந்தைகளுக்கென்று ஐரோப்பாவில் முதலில் பேர் பெற்ற படப் புத்தகம் கொமேனியஸ் என்ற ஆசிரியர் 1658-ல் நியூரம்பர்க் நகரில் வெளியிட்டது. அதில் உலகத்துச் சாமான்கள் எல்லாம் இருந்தன. நிறம் மட்டும் இல்லை! மரத்தில் செதுக்கிக் கறுப்பு மையில் அச்சடித்த படங்கள். நம் ஊரில் நானும் நீங்களும் அம்புலிமாமாவின் அட்டைப்படத்தை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அது 1947 ஜூலையில் சென்னையில் பிறந்தது. 1957-ல் டில்லியில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் குழந்தைகள் புத்தக டிரஸ்டைத் தொடங்கினார். சென்னையில் 1996-ல் ஆரம்பித்த தூலிகா, பெங்களூரில் 2004-ல் ஆரம்பித்த பிரதம் புக்ஸ் போன்றவர்கள் தமிழிலும் படப் புத்தகம் போடுகிறார்கள். அவற்றில் நம் தெருவும் நம் முகமும் இருக்கின்றன. ஆகவே புத்தகத்துக்குப் பஞ்சம் என்று சொல்ல மாட்டேன். அதை நாம் கையாளுகிற விதத்தில்தான் வினை.

என் தங்கையின் புத்தகத்தில் சிவப்புப் பக்கத்தில் ஆப்பிள், தீயணைப்பு வண்டி, ஸ்ட்ராபெரி. மஞ்சள் பக்கத்தில் எலுமிச்சம்பழம், வாத்துக்குஞ்சு. சின்னவன் இதிலிருந்து என்ன கண்டுபிடிக்க வேண்டும்? ஆப்பிளுக்கும் வாத்துக்கும் நூறு வித்தியாசம். அந்த நூறில் நாம் எதைச் சொல்கிறோம் என்று அவன் எப்படி அறிவான்? ஒரே மாதிரி இரண்டு வாளி. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். இப்படி இருந்தால் வித்தியாசம் ஒன்றே ஒன்று. அது தானாகவே கண்ணில் குத்தும். நல்ல புத்தகக்காரர்கள் இப்படிப் படம் போடுவார்கள். ஒரே குருவி பக்கத்துக்குப் பக்கம் நிறம் மாறி வரும். கடையில் புரட்டும்போது இதைக் கவனித்து வாங்குங்கள்.

இன்னொரு சின்ன யுக்தி. "சிவப்பு வாளியைப் பார்" என்பதைவிட "இந்த வாளி சிவப்பு" என்று சொல்வது நல்லது. முதலில் வாளி, கண் அங்கே போய் நின்றுவிடும். பிறகு நிறம். 2010-ஐ ஒட்டி அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் இதைச் சோதித்துப் பார்த்து, பொருளை முன்னே சொல்லி நிறத்தைப் பின்னே சொன்னால் குழந்தைகள் நன்றாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று எழுதினார்கள். இங்கிலீஷில் அப்படிப் பேசக் கொஞ்சம் முயல வேண்டும். நமக்கோ "பந்து சிவப்பு" என்பது வாயில் தானாக வருகிற பேச்சு.

எல்லாவற்றுக்கும் மேலே, பரீட்சையை நிறுத்துங்கள். "இது என்ன கலர்?" என்ற கேள்வியையே ஒரு மாதம் வாயில் எடுக்காதீர்கள். அதற்குப் பதிலாக, "இது மாதிரி இன்னொண்ணு கொண்டா!" என்று கேளுங்கள். பெயர் தெரியாதவனும் ஜோடி சேர்ப்பான்.

இதைத்தான் அன்று மத்தியானம் திண்ணையில் செய்தோம். வலை பின்னுகிற இடத்தில் அறுந்த நைலான் நூல் துண்டுகள் கிடந்தன. தையல் கடையிலிருந்து வெட்டுத் துணி ஒரு பை நிறைய வாங்கி வந்தோம். பாட்டியின் பழைய சேலையிலிருந்து அரக்கும் கிளிப்பச்சையும் கிடைத்தன. எல்லாவற்றையும் விரலளவு துண்டாக்கிப் பாயில் கொட்டினேன். ஒரு சிவப்புத் துண்டைச் சின்னவன் கையில் கொடுத்து, "இதோட அண்ணன் தம்பி எல்லாம் எங்கே?" என்றேன்.

பையன் குப்புறப் படுத்துக்கொண்டான். பத்து நிமிஷம் சத்தமே இல்லை. சிவப்போடு சிவப்பு, நீலத்தோடு நீலம், பச்சையோடு பச்சை. கிளிப்பச்சையைக் கொஞ்சம் யோசித்துப் பச்சையிலேயே போட்டான். ஒன்று தப்பவில்லை! "இதெல்லாம் என்ன?" என்று சிவப்புக் குவியலைக் காட்டி அவன் அம்மா ஆசையாகக் கேட்டாள். "பச்சை!" என்றான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கோ நிம்மதி. கண் சரியாக இருக்கிறது; பெயர் இன்று வராவிட்டால் தைக்கு வரும். நாலு வயதுக்குள் பெரும்பாலும் எல்லாக் குழந்தைகளுக்கும் வந்துவிடும்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் ஊருக்குத் திரும்பி வழக்கம்போல ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.

பாட்டியின் மகள் வயிற்றுப் பேரன் ஒருவன், பத்து வயது, லீவுக்கு அம்மாச்சி வீட்டுக்கு வந்திருந்தான். கெட்டிக்காரன். படகு எஞ்சின் கோளாறைக் காதால் கேட்டே சொல்கிறவன். தம்பி விளையாடுவதைத் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். "ப்பூ! இது ஒரு விளையாட்டா? நான் ஒரு நிமிஷத்துல பிரிச்சிருவேன்" என்று வந்து உட்கார்ந்தான். எல்லாவற்றையும் கலைத்துக் கொடுத்தோம்.

வேகமாகப் பிரித்தான். மஞ்சளும் நீலமும் சரி. பிறகு செங்கல் நிறத் துண்டை எடுத்து இலைப் பச்சையோடு போட்டான். இளஞ்சிவப்பைச் சாம்பல் நிறத்தோடு சேர்த்தான். கத்தரிப்பூ நிறத்தை நீலக் குவியலில் போட்டான். அரக்குத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் திருப்பினான். வேடிக்கை செய்கிறான் என்று எல்லோரும் சிரித்தார்கள். சின்னவன் மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணே, அது வேற! அது வேற!" என்று செங்கல் நிறத் துண்டைப் பச்சையிலிருந்து பிடுங்கினான்.

பெயர் தெரியாதவனுக்கு வித்தியாசம் தெரிந்தது. எல்லாப் பெயரையும் ஒப்பிக்கிறவனுக்குத் தெரியவில்லை. பெரியவனின் முகத்தைப் பார்த்தேன். அவன் வேடிக்கை செய்யவில்லை.

மெதுவாக விசாரித்தபோது ஒவ்வொன்றாக வந்தது. ஆப்பிள் சிவப்பு, இலை பச்சை என்று எல்லோரும் சொல்வதால் அவனும் சொல்லிவிடுவானாம். கலர்க் குச்சியைச் சுற்றியுள்ள காகிதத்தில் பெயர் போட்டிருப்பதால் அதைப் படித்து எடுப்பானாம். காகிதம் கிழிந்துபோனால்தான் ஆபத்து. ஒரு தடவை மரத்துக்குப் பழுப்பு இலையும் பச்சைத் தண்டும் போட்டுப் பள்ளிக்கூடத்தில் 'கவனம் போதாது' என்று எழுதிக் கொடுத்தார்களாம். அன்று முதல் படம் வரைகிற நாளில் வயிற்று வலி. "எல்லாருக்கும் இப்படித்தான் கஷ்டமா இருக்கும்னு நெனச்சேன்" என்றான். ஐந்து வருஷம் இந்தப் பையன் ஒண்டியாக ஒரு ரகசியத்தைச் சுமந்திருக்கிறான். அது ரகசியம் என்பதே தெரியாமல்.

பாட்டி மீன் ஆய்ந்துகொண்டிருந்த அரிவாள்மனையை நிறுத்திவிட்டாள். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இவன் தாத்தாவும் இப்படித்தான்" என்றாள். "கொல்லையில மிளகாய்ப் பழம் பறிக்கச் சொன்னா காயையும் சேத்துப் பறிச்சுட்டு வருவாரு. நான் சண்டை போடுவேன். ராத்திரிக் கடல்ல எதுக்க வெளக்கு தெரிஞ்சா, பக்கத்துல இருக்கற ஆளைக் கேப்பாராம், அது என்ன வெளக்குடான்னு. கிட்டத்துப் பார்வை மங்கல்னு ஊர்ல சொல்லிக்குவாங்க. கடல்ல முந்நூறு பாகத்துக்கு அப்பால காக்கா பறந்தா சொல்ற மனுஷன்!"

விளக்கு என்றதும் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். படகுக்கு இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு. உலகம் பூராவும் கடலில் இதுதான் சட்டம். இருட்டில் எதிரே சிவப்பு மட்டும் தெரிந்தால் அந்தப் படகின் இடப்பக்கம் நமக்குத் தெரிகிறது என்று அர்த்தம். பச்சை என்றால் வலப்பக்கம். இரண்டும் தெரிந்தால் நேரே நம்மை நோக்கி வருகிறது. எந்தப் பக்கம் திருப்புவது என்பதற்கு அந்த நிறம்தான் சாட்சி. இந்தப் பேரனையும் இன்னும் பத்து வருஷத்தில் படகில் சுக்கான் பிடிக்க வைக்கலாம் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் ஓர் எண்ணம். தாத்தாவுக்குப் பக்கத்தில் கேட்க ஆள் இருந்தது. இவனுக்கு?

இதை நிறக்குருடு என்று சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. குருடு ஒன்றுமில்லை, சிவப்பும் பச்சையும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரிகின்றன, அவ்வளவுதான். இது தாய் வழியாக வருகிற குறை. பெண்ணுக்கு எக்ஸ் என்கிற குரோமோசோம் இரண்டு உண்டு. ஒன்றில் குறை இருந்தாலும் மற்றொன்று ஈடு கட்டிவிடும். ஆணுக்கு ஒன்றுதான், அதைத் தாய்தான் கொடுக்கிறாள். அதனால் தாத்தாவின் குறை மகளிடம் வெளியே தெரியாமல் தங்கி, அவள் பெற்ற பிள்ளையிடம் தலை காட்டுகிறது. மகனுடைய பிள்ளைக்குத் தாத்தாவிடமிருந்து வர வழியே இல்லை. கணக்கைப் பாருங்கள்: பாட்டி பயந்தது மகன் பெற்ற சின்னவனுக்காக, குறை இருந்ததோ மகள் பெற்ற பெரியவனிடம். ஐரோப்பிய இனத்து ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் வரை இந்தக் குறை உண்டு என்கிறார்கள். பெண்களில் இருநூறு பேருக்கு ஒருவர். நம்மிடையே கொஞ்சம் குறைவாக இருக்கலாம். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு ஒரு பையன் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

நான் திண்ணையில் துண்டு போட்டு விளையாடியதும் என் சொந்த மூளை அல்ல. ஸ்வீடன் தேசத்தில் 1875 நவம்பரில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதிக்கொண்டன. விளக்கின் நிறத்தைத் தவறாகக் கண்டதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று ஹோம்கிரென் என்ற வைத்தியப் பேராசிரியர் சந்தேகப்பட்டார். ரயில்வே ஆட்களுக்குப் பல நிறக் கம்பளி நூல்களைக் கொடுத்து, நிறத்தின் பெயரைக் கேட்காமல், ஜோடி மட்டும் சேர்க்கச் சொன்னார். பெயரைக் கேட்டால் மனப்பாடமாகச் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான். குழந்தைக்குப் பெயர் தப்பினால் கவலைப்படாதீர்கள். ஜோடி தப்பினால், ஒரு நாள் விட்டு மறுபடி பார்த்தும் தப்பினால், கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நாலைந்து வயது ஆகிவிட்டால் பரிசோதித்துச் சொல்லிவிடுவார். செல்போனில் படத்தைக் காட்டி நீங்களாகவே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். திரைக்குத் திரை நிறம் மாறும்.

மறு வாரம் பெரியவனைப் புதுக்கோட்டைக்கு அழைத்துப் போனார்கள். டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு வர்ணப் படப் புத்தகத்தை எடுத்தார்! ஜப்பானில் டாக்டர் இஷிஹாரா 1917-ல் வெளியிட்ட புத்தகம். இன்றைக்கும் உலகமெங்கும் அதுதான் முதல் சோதனை. பக்கத்துக்கு ஒரு வட்டம், வட்டம் நிறையப் பல நிறப் புள்ளிகள். புள்ளிகளுக்குள் ஓர் எண் ஒளிந்திருக்கும். நம் கண்ணுக்கு 74 தெரிகிற பக்கத்தில் அந்தப் பையனுக்கு 21 தெரிந்தது. எண் படிக்கத் தெரியாதவர்களுக்கும் பக்கங்கள் உண்டு. புள்ளிகளுக்குள் ஓடுகிற வளைந்த பாதையை விரலால் தொடர்ந்துகொண்டு போனால் போதும். டாக்டரின் தீர்ப்பு எதிர்பார்த்ததுதான். இதற்கு மருந்து இல்லை. ஆனால் நாளாக ஆக மோசமாவதும் இல்லை. கலர்க் கண்ணாடி என்று விற்பதை வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினாராம். ரயில் ஓட்டுவது, கப்பலில் காவல் நிற்பது போன்ற சில வேலைகளுக்கு எடுக்க மாட்டார்கள். மற்றபடி உலகம் விசாலம். எஞ்சினுக்கு நிறமா இருக்கிறது?

பையன் அழவில்லையாம். "அப்ப நான் கவனமில்லாதவன் இல்லை" என்றானாம். அவன் அம்மா பள்ளிக்கூடம் திறந்ததும் டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு ஆசிரியரைப் பார்ப்பதாகச் சொன்னாள்.

நான் கிளம்புகிறதற்கு முன் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு புத்தகம் செய்ய ஆரம்பித்திருந்தார்கள். பழைய தினக் காலண்டர் அட்டை, கல்யாணப் பத்திரிகை அட்டை, வலை ஊசியால் தைத்த முதுகு. ஆப்பிளும் கரடியும் கிடையாது. நீலப் பக்கத்தில் நண்டு. பாக் நீரிணைக் கடலில் அகப்படுகிற நீலக்கால் நண்டு. அடுத்த பக்கத்தில் அதே நண்டு, அதே அளவு, சிவப்பு. குழம்பில் வெந்த நண்டு! ஓட்டுக்குள் ஒரு சிவப்புச் சாயம் இருக்கிறது. அதை ஒரு புரதம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நீலமாகக் காட்டுகிறது. சூட்டில் பிடி விட்டதும் சிவப்பு வெளியே வந்துவிடுகிறது. நான் இதைச் சொன்னதும் சின்னவன் அடுப்படிக்கு ஓடிப்போய்ச் சட்டியை எட்டிப் பார்த்தான். அன்று முதல் சிவப்பு என்ற பெயர் மட்டும் அவனுக்குத் தப்பவே இல்லை.

கறுப்பு வெள்ளைக்கு இரண்டு வவ்வால் மீன். கடலுக்கு நான் நீலம் தீட்டப் போனேன். பாட்டி விடவில்லை. "கடல் எங்கம்மா நீலமா இருக்கு? மழைக்காலத்துல வந்து பாரு, சேறு கலக்கிக் கிடக்கும்" என்றாள். ஆழம் இல்லாத கடல். அவள் சொல்வது சரிதான். ஐந்தாறு நிறம் குழைத்துக் கடலுக்கென்று ஒரு பக்கம் தீட்டினார்கள். அதற்கு என்ன பெயர் என்று இன்னும் முடிவாகவில்லை. பெரியவன் ஒவ்வொரு கலர்க் குச்சியிலும் கத்தியால் கீறி முதலெழுத்துப் போட்டு வைத்திருக்கிறான்: சி, ப, நீ, ம. காகிதம் கிழிந்தாலும் இனி எழுத்து போகாது. நிறம் சரிதானா என்று பார்க்கிற வேலை சின்னவனுடையது. அண்ணன் ஒரு குச்சியை எடுத்து, "இதாடா?" என்பான். தம்பி ஆம், இல்லை என்று தலையாட்டுவான்.

சென்ற வாரம் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன் வந்தது. புத்தகம் இருபது பக்கத்தைத் தாண்டிவிட்டதாம். பச்சைப் பக்கத்தில் வாழை இலை, கிளி, படகின் வலப்பக்க விளக்கு எல்லாம் ஏறிவிட்டன. நடுவே வெள்ளி மாதிரி மின்னுகிற ஒரு காரல் மீனும் இருக்கிறதாம். எத்தனையோ எடுத்துச் சொல்லியும் சின்னவன் அதை எடுக்கச் சம்மதிக்கவில்லை. "அது பச்சை மீன்தானே, அப்பத்தாவைக் கேளு!" என்கிறானாம். அப்பத்தாவும் ஆமாம் என்று சொல்லிவிட்டாளாம்.